செயின்ட் டேவிட்ஸ் ஆயர் வரிசை உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்ததா?

வேல்ஸின் செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்துக்கு ஆயர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். காலத்துக்குக் காலம் மாறியது.

வரிசை 6ஆம் நூற்றாண்டின் புனித டேவிட்டில் தொடங்குகிறது. ஆரம்பப் பெயர்களில் மரபும் வரலாறும் கலந்தே கிடக்கின்றன. 1115இல் பெர்னார்ட் வந்தார், முதல் நார்மன் ஆயர். ஆள் இங்கிலாந்து அரசரின் தேர்வு.

என் மனதைப் பிசைவது வேல்ஸைச் சேர்ந்த குருவும் எழுத்தாளருமான ஜெரால்டின் கதைதான். தாய்வழியில் வேல்ஸ் ரத்தம். தாய்மாமனே அங்கே ஆயராக இருந்தவர். 1199இல் பேராலயக் குருக்கள் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கேன்டர்பரி பேராயர் ஹியூபர்ட் வால்டர் சம்மதிக்கவில்லை. இவர் வந்தால் செயின்ட் டேவிட்ஸ் கேன்டர்பரியின் கீழிருந்து விலகி, தனிப் பேராயர் பீடமாகிவிடும் என்ற பயம். நியாயம் கேட்டு ஜெரால்டு மூன்று முறை ரோமுக்குப் போனார். அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டித்தான் போக வேண்டும்! கடைசியில், 1203இல், பதவி ஜெஃப்ரி என்ற வேறொருவருக்குப் போனது.

அப்புறம் 1920இல் வேல்ஸ் சபை அரசிடமிருந்து பிரிந்தது. அதிலிருந்து சபையின் தேர்தல் குழுதான் ஆயரைத் தேர்ந்தெடுக்கிறது. 2017இல் பொறுப்பேற்ற ஜோவான்னா பென்பெர்த்தி, வேல்ஸின் முதல் பெண் ஆயர், இந்த வரிசையில் வந்தவர்தான்.