கேள்வி–பதில்: டிரெய்லரில் கேட்டமரன்

கேள்வி: பதினாறு அடி நீளமுள்ள பழைய கேட்டமரன் ஒன்றை, அதாவது இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த பாய்மரப் படகை, வாங்கினேன். ஒற்றை உடல் கொண்ட கனமான படகுக்காகச் செய்த, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரில் இரண்டு குறுக்குக் குழாய்களைப் பொருத்தி, அவற்றின் நான்கு முனைகளிலும் ரப்பர் உருளைகள் வைத்து ஏற்றியிருக்கிறேன். இரண்டே மாதத்தில் இடது உடலின் அடியில், பின் உருளை படும் இடத்தில், அழுத்தினால் கட்டைவிரல் அமிழும் அளவுக்குக் குழிவு விழுந்துவிட்டது. வேகம் அறுபது கிலோமீட்டரைத் தாண்டினால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. குழிவுக்குக் காரணம் படகைத் தாங்கும் முறை. ஆட்டத்துக்குக் காரணம் எடை அமர்ந்திருக்கும் இடம். தாங்கிகளை நகர்த்தினால் எடையும் நகரும் என்பதால், முதலில் தாங்கிகளைச் சரி செய்துவிட்டுப் பிறகு எடைக்கு வாருங்கள்.

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான் என்றாலும், உள்ளே வெற்றிடம் இல்லாத மரங்களைப் பிணைத்த அதை எங்கே கிடத்தினாலும் கெடுவதற்கு ஒன்றுமில்லை. உங்கள் படகின் உடல்களோ உள்ளே வெறுமையான மெல்லிய கூடுகள். ஹோபி 16 வகைப் படகை எடுத்துக்கொண்டால், 5.04 மீட்டர் நீளமும் 2.41 மீட்டர் அகலமும் உள்ள அதன் மொத்த எடையே ஏறத்தாழ 145 கிலோதான்; ஃபைபர் கிளாஸ் தோல்கள் இரண்டுக்கு நடுவே நுரைப்பொருளை வைத்து அதன் உடல்கள் செய்யப்படுகின்றன. இரண்டு விரல் அகலமே படும் உருளை, பள்ளத்தில் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோலைச் சுத்தியல்போல் இடிக்கிறது. குழிவைச் சுற்றி ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென ஒலிக்கும், தோல் நுரையை விட்டுப் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகிவிடும். அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பழுது பார்க்கும் வரை அங்கே எதையும் தாங்கக் கொடுக்காதீர்கள்.

உருளைகள் படகை ஏற்றி இறக்குவதற்கு மட்டுமே உரியவை. படகு நிலையாக அமர்வதற்கு, உடலின் அடிவளைவுக்கு ஏற்பச் செதுக்கிக் கம்பளம் ஒட்டிய, குறைந்தது ஒரு சாண் நீளமுள்ள தாங்கிகள் வேண்டும். படகின் குறுக்குச் சட்டங்கள் உடல்களோடு சேரும் இடங்களுக்கு நேர்கீழே அவை வரவேண்டும். ஏனெனில் உடல் அங்கேதான் உறுதியாக இருக்கும்.

இடது பின்புறம் மட்டும் ஏன் என்பதற்கும் விடை உண்டு. நான்கு கால் மேசை சமமற்ற தரையில் மூன்று கால்களில் நிற்பதைப் போல, டிரெய்லர் சட்டம் சற்றே முறுக்கிக்கொண்டால் படகும் மூன்று முனைகளில்தான் நிற்கும். கட்டுப்பட்டைகளைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு தாங்கியின் மேலும் ஒரு காகித நாடாவைச் செருகி இழுங்கள். எளிதாக உருவிக்கொண்டு வருமிடத்தில் பளு இல்லை; அங்கே தகடு கொடுத்து உயர்த்துங்கள். சக்கரங்களின் குலுக்கலைத் தாங்க அச்சின்மேல் அடுக்கியிருக்கும், கனமான படகுக்கான வில்பட்டைகள் இவ்வளவு குறைந்த எடைக்கு வளையவே மாட்டா என்பதால், அடுக்கிலிருந்து ஓரிரண்டு பட்டைகளைப் பட்டறையில் கழற்றிவிடுவது நல்லது. என்னைக் கேட்டால், புதுத் தாங்கிக்குச் செலவிடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது.

இனி ஆட்டம். டிரெய்லரின் மொத்த எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு காரின் கொக்கியில் கீழ்நோக்கி அழுந்த வேண்டும். படகோடு சேர்த்து 300 கிலோ என்றால் 15 முதல் 30 கிலோ. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லரின் முனை காரின் கொக்கி உயரத்திலேயே இருக்கும்படி ஒரு மரத்துண்டின் மேல் வைத்து, அதன் கீழே உடல் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்தால் அளவு தெரிந்துவிடும். அச்சுக்கும் கொக்கிக்கும் இடையே 4 மீட்டர் இருந்தால், 150 கிலோ படகை 20 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தும்போது கொக்கியில் ஏழரை கிலோ கூடும். படகை நகர்த்தினால் தாங்கிகளையும் கூடவே நகர்த்த வேண்டும். அதைவிட, அச்சின் பிடிகளைத் தளர்த்தி அச்சையே பின்னுக்குத் தள்ளுவது எளிது. முழுச் சுமையும் அச்சுக்கு முன்னால் சாய்வதால் சிறிதளவு நகர்த்தினாலே போதும். பாய்மரத்தையும் மறக்காதீர்கள். எட்டு மீட்டர் நீளமுள்ள அது பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குக் கொக்கிப் பளுவைத் தின்றுவிடும். அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால் திருப்பத்தில் காரின் பின்கண்ணாடியைப் பதம் பார்க்கும். சரி செய்யும் வரை மெதுவாகவே ஓட்டுங்கள். ஆட்டம் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், வேகத்தைக் கூட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

கேள்வி: படகைக் கட்டும் ராட்செட் பட்டையை (பற்சக்கரப் பிடியால் இறுக்குவது) எவ்வளவு இறுக்கினாலும் வழியில் தளர்ந்துவிடுகிறதே?

பதில்: பட்டையை உடல்களின் மேல் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இறுக்க இறுக்கக் கூடுதான் அமுங்கும். படகின் முன், பின் குறுக்குச் சட்டங்களின் மேலாகப் போட்டு டிரெய்லரின் சட்டத்தோடு கட்டுங்கள். தாங்கியின் கம்பளம் சற்று அமுங்குவது இயல்பு என்பதால், புறப்பட்டுப் பத்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும். பட்டையில் ஒரு முறுக்குக் கொடுத்தால் காற்றில் அது அதிர்ந்து ரீங்கரிப்பது நிற்கும். சுக்கான்களைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிடுங்கள்.