திருப்பூர் பக்கத்துப் பள்ளியில் 9-ஆம் வகுப்புக்குப் பிரச்சினைவழிக் கற்றலை எப்படித் தொடங்குவது? புராஜெக்ட் என்றால் சார்ட் ஒட்டிவிட்டுப் போகிறார்களே?

சார்ட் பாடம் முடிந்தபின் வருவது. இதில் பிரச்சினைதான் முதலில் வரவேண்டும். 1969-இல் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவப் பள்ளியில் இந்த முறையைத் தொடங்கியபோதும் நோயாளியின் நிலையை முன்னால் வைத்துவிட்டு, அதைப் பிடித்துத்தான் பாடத்துக்குப் போனார்கள்.

முக்கால்வாசி வேலை கேள்வியை எழுதுவதில் இருக்கிறது. "நொய்யல் ஆற்றைக் காப்பது எப்படி?" என்று கொடுத்தால் நெட்டில் எடுத்த கட்டுரைதான் வரும். யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டிய நிலையைக் கொடுங்கள்: "ஒரத்துப்பாளையம் பக்கம் ஒரு ஏக்கர் தோட்டம், போர்வெல் தண்ணீர் உப்பு. மஞ்சள் போடலாமா, தென்னை வைக்கலாமா? தோட்டக்காரருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக்கொடு."

குழுவுக்கு 5 பேர், இரண்டு வாரத்தில் நான்கு பீரியட் போதும். முதல் பீரியடில் போர்டில் மூன்று பத்தி: தெரிந்தது, தெரியவேண்டியது, யாரிடம் கிடைக்கும். அன்றைக்கு போன் வேண்டாம். பிள்ளைகளின் ஊகம் முதலில் எழுத்தில் இருந்தால்தான் பின்னால் அதைச் சோதிக்க முடியும்.

அடுத்தது அளவீடு. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வகுப்புக்கு ஒன்று போதும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் குழாயில் நின்ற பழைய தண்ணீரை அளப்பீர்கள். மீட்டர் நேரடியாக அளப்பது மின்கடத்துதிறனை மட்டுமே, உப்பின் அளவு அதிலிருந்து போடும் கணக்கு; எந்த உப்பு, கிருமி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

ருசியான இடம் கணக்கு. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிறுத்தினால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2000 மி.கி. என்றால் ஒரு பாய்ச்சலுக்கு 400 கிலோ உப்பு, அதாவது எட்டு மூட்டை! "அத்தனையும் எங்கே போகும்?" என்று எவனாவது கேட்பான். மண்வகை, வடிகால், மழை எல்லாம் அப்போதுதான் பாடமாக உள்ளே வரும். நீங்கள் விடையைச் சொல்லிவிட்டால் அதோடு சரி. "எதை வைத்துச் சொல்றே?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடிநீரில் கரைந்த உப்புக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு தண்ணீர் இல்லாதபோது 2000. பிள்ளைகள் இதையே பாசனத்துக்கும் பொருத்திவிடுவார்கள். உடனே திருத்தாமல், குழுக்களை மாற்றி ஒன்றையொன்று கேள்வி கேட்க விடுங்கள்.

படிக்கிற பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிடும். அதனால் குழுத்தலைவரும் குறிப்பெழுதுபவரும் பீரியடுக்குப் பீரியட் மாறவேண்டும். பாதி மதிப்பெண் தனித்தேர்வுக்கு: வேறொரு கிணற்றின் அளவைக் கொடுத்து, அவரவர் முடிவையும் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

மாதிரி எடுக்கப் பிள்ளைகளைக் கிணற்றுமேட்டுக்கு அனுப்பாதீர்கள். நம்ம பக்கத்துக் கிணறுகளின் ஆழம் தெரிந்ததுதானே. மோட்டார் குழாய் வாயில் பிடித்தாலே போதும்.