கேரோல் கிங் பாடகியாகப் புகழ்பெறும் முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?

மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார், அதுவும் சுமார் பத்து வருடங்கள். 1942-ல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினேழு வயதில் ஜெர்ரி கோஃபினை மணந்தார். கணவர் வரிகள், இவர் மெட்டு. பிராட்வேயில் ஒரு இசைப் பதிப்பகத்தில் பியானோ போட்ட குட்டி அறைகளில் பல ஜோடிகள் வேலை பார்த்தார்கள். பக்கத்து அறைப் பாட்டு சுவர் தாண்டிக் கேட்குமாம்!

இருவரும் எழுதி, ஷிரெல்ஸ் குழு பாடிய 'வில் யூ லவ் மீ டுமாரோ' 1961-ல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. இவர்களுடைய 'தி லோகோமோஷன்' பாட்டைப் பாடிய லிட்டில் ஈவா, இவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண்தான்.

1968-ல் விவாகரத்து. அப்புறம் மகள்களோடு லாஸ் ஏஞ்சலிஸ் போனார். மேடை என்றால் பயந்தவரை, நண்பரான பாடகர் ஜேம்ஸ் டெய்லர்தான் பாடச் சொல்லித் தூண்டினார். 1971-ல் வந்த அவருடைய 'டேபஸ்ட்ரி' ஆல்பம் தொடர்ந்து 15 வாரம் முதலிடம், நான்கு கிராமி விருதுகள். என்னைக் கேட்டால், அதில் 'யூவ் காட் எ ஃப்ரெண்ட்' பாட்டை முதலில் கேளுங்கள். வரி, மெட்டு இரண்டுமே அவருடையவை.