மணியக்காரர், பட்டக்காரர், பண்ணாடி: கேட்டீங்க, சொல்றேன்

கேள்வி (கோபி): எங்க பக்கம் கல்யாணப் பத்திரிகைல பெரியப்பா பேருக்கு முன்னாடி மணியக்காரர்னு போடறாங்க, அது சாதிப் பேருங்களா?

பதில்: இல்லைங்க, அது உத்தியோகம். ஊர்ல கிஸ்தி (நில வரி) வசூல் பண்றது, பிறப்பு இறப்பு எழுதறது, சின்னச் சின்ன வழக்கைத் தீர்த்து வைக்கறதுன்னு எல்லாம் அப்ப அவர் கையிலதான். சர்க்கார் தாள்ல கிராம முன்சீப்னு இருக்கும். பெரும்பாலும் அப்பனுக்கப்புறம் மகன்னு வந்ததால அப்படியே வீட்டுப் பேராப் போச்சு. 1980ல எம்.ஜி.ஆர் ஆட்சில பரம்பரை மணியம், கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) ரெண்டையும் எடுத்துட்டு வி.ஏ.ஓ (கிராம நிர்வாக அலுவலர்) கொண்டு வந்தாங்க. உத்தியோகம் போயும் மணியக்காரர் வீடுன்னா இன்னும் வழி சொல்லுவாங்க!

கேள்வி (பெருந்துறை): மணியமும் மானியமும் ஒண்ணுங்களாண்ணா?

பதில்: வேற வேறங்க. மானியம்னா கோயிலுக்கோ ஊழியத்துக்கோ விட்ட நிலம். மணியம்னா மேற்பார்வை, கோயில்கள்ல இன்னிக்கும் மணியம்னு வேலை இருக்கே.

கேள்வி (தாராபுரம்): பட்டக்காரரும் ஜமீன்தாரும் ஒரே ஆளா?

பதில்: சினிமால ரெண்டு பேருக்கும் ஒரே மீசைதான், அதான் குழப்பம். ஜமீன்தார் அந்தக் காலத்துல கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) மொத்தமா கட்டற வரிக்குப் பொறுப்பா இருந்தவர். பட்டக்காரர்ங்கறது கூட்டத்துக்கும் (குலப் பிரிவு) நாட்டுக்கும் (பல ஊர் சேர்ந்த பகுதி) தலைமைன்னு பட்டம் கட்டி வர்றது, காங்கேயம் பக்கம் பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் ஒண்ணு போதும், காங்கேயம் மாட்டைப் பத்திப் பேசற எல்லாருக்கும் தெரியும். நம்ம பக்கம் ஊத்துக்குளி மாதிரி ஜமீன் இருந்துது, ஆனா பெரும்பாலான ஊர்ல ரயத்துவாரி, விவசாயி நேரா சர்க்காருக்கே கட்டினான், அதனாலதான் மணியக்காரருக்கு அத்தனை மவுசு.

கேள்வி (பொள்ளாச்சி): எங்க தோட்டத்துல வேலைக்கு வர்ற வயசானவங்க என்னைப் பண்ணாடின்னு கூப்பிடறாங்க, கேக்க ஒரு மாதிரி இருக்குது.

பதில்: இருக்கணுமுங்க. பண்ணையம் வெச்சிருக்கறவர்னு மட்டும் அர்த்தம் சொல்லித் தப்பிச்சுக்கலாம், ஆனா அதைக் கூப்பிட்டது யாரு, யாரைக் கூப்பிட்டாங்கன்னு பாருங்க, எழுபது வயசுக்காரர் பத்து வயசுப் பையனுக்கு ங்க போட்டுப் பேசுவார், பையன் அவரைப் பேர் சொல்லி வாடா போடாம்பான், அந்த வித்தியாசம் சாதில இருந்து வந்தது, மரியாதைல இருந்து இல்லை. மணியக்காரர்ங்கறது வேலையோட பேரு, இது அப்படியில்ல. நீங்களே தம்பின்னு கூப்பிடச் சொல்லுங்க, நீங்க அவங்களை ங்க போட்டுப் பேச ஆரம்பிங்க, ரெண்டு நாள்ல பழகிரும்.

கேள்வி (கோவை): பழைய கிரயப் பத்திரத்துல அப்பாரு (தாத்தா) பேரு மணியம்னு சேர்த்து இருக்குது, சிட்டால வெறும் பேருதான். பிரச்சனை ஆகுமா?

பதில்: பட்டப் பேர் விடுபடறது சகஜம்தான். அவங்க அப்பா பேரு, சர்வே நம்பர், கிராமம் இதெல்லாம் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலைன்னா கிரயம் பேசறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட காட்டிருங்க.