வால்டனுக்கு ‘ர’ வராது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறு வருடமாக நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். ஒரு செய்தித் தொலைக்காட்சியில் நேர்காணல் நடத்தக் கூப்பிடுகிறார்கள். எனக்கு ‘ழ’ சரியாக வராது. மேடையில் பேசிப் பழகிய அரசியல்வாதிகள் கேமரா முன் சுலபமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுதியே பழகியவனுக்கு அது சரிப்பட்டு வருமா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

‘ழ’வுக்காகத் தயங்காதீர்கள். பிரிட்டன் தொலைக்காட்சியின் மிகச் சிறந்த நேர்காணல்காரர்களில் ஒருவராக இருந்த பிரையன் வால்டனுக்கு ‘ர’ சரியாக வந்ததே இல்லை.

அங்கே ஞாயிறு மதியங்களில் ‘வீக்எண்ட் வேர்ல்ட்’ என்று ஒரு நிகழ்ச்சி 1972 முதல் 1988 வரை வந்தது. முதலில் நடத்திய பீட்டர் ஜே, ‘தி டைம்ஸ்’ நாளிதழின் பொருளாதார ஆசிரியர். 1977இல் அவர் அமெரிக்காவுக்குத் தூதராகப் போக, 13 வருடம் லேபர் கட்சி எம்.பி.யாக இருந்த வால்டன் பதவியை விட்டுவிட்டு அந்த நாற்காலிக்கு வந்தார். 1986இல் மாத்யூ பாரிஸ். அவரும் எம்.பி. பதவியை உதறிவிட்டு வந்தவர்தான், கன்சர்வேடிவ் கட்சி.

மேடைப் பழக்கம்தான் விஷயம் என்றால் இருவருமே ஜெயித்திருக்க வேண்டும். பாரிஸுக்கு அந்த வேலை ஒட்டவில்லை. வால்டனைத் தூக்கி நிறுத்தியது தயாரிப்பு. ‘ஆம்’ என்றால் அடுத்து என்ன கேட்பது, ‘இல்லை’ என்றால் என்ன, நழுவினால் எங்கே மடக்குவது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு உட்காரும் நிகழ்ச்சி அது. நிருபர் கொண்டுவந்த செய்தியில் எங்கே ஓட்டை என்று தேடுகிறீர்களே, அதே வேலை. அரசியல்வாதிதான் இதைப் புதிதாகக் கற்க வேண்டும். காலமெல்லாம் பதில் சொல்லிப் பழகியவர், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1989 அக்டோபரில் நிதியமைச்சர் நைஜல் லாசன் ராஜினாமா செய்தார். பிரதமர் தாட்சரின் ஆலோசகர் ஆலன் வால்டர்ஸோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாள் தாட்சர், வால்டன் அப்போது நடத்திவந்த வேறொரு நிகழ்ச்சியில் அவர் முன் அமர்ந்தார். இருவரும் நண்பர்கள். வால்டர்ஸை நீக்கியிருந்தால் லாசன் இருந்திருப்பார் இல்லையா என்று வால்டன் கேட்டார். தாட்சர் சுற்றிச் சுற்றிப் பேசினார். வால்டன் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். கடைசியில், “எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது.” “அவரிடம் அதைக் கேட்கவே தோன்றவில்லையா?” என்றார் வால்டன். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. நட்பு போய்விடும் என்று அந்தக் கேள்வியை அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பாரிஸைத் தோற்றவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1984இல், எம்.பி.யாக இருந்தபோதே, வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகை 26.80 பவுண்டை வைத்துக்கொண்டு நியூகாஸிலில் ஒரு வாரம் கேமரா முன் வாழ்ந்து பார்த்தார். வாரம் முடியும் முன்பே, காசு போட்டால்தான் மின்சாரம் தரும் மீட்டரில் போடக் காசில்லை. அப்புறம் 1988இல் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குப் போய் நாடாளுமன்றத்தைப் பற்றி வருடக்கணக்கில் அருமையாக எழுதினார். உங்களுக்கும் ஒட்டவில்லை என்றால் பத்திரிகைக்கே திரும்பலாம், அதில் அவமானம் ஏதும் இல்லை.

சரி, போங்கள். பத்திரிகையில் சந்தேகம் வந்தால் சாயங்காலம் மறுபடி போன் செய்யலாம், அங்கே முடியாது. தெரிந்ததில் முக்கால்வாசியைச் சொல்லாமல் விட மனம் வர வேண்டும். முதல் நிகழ்ச்சிக்கு முன் கேள்விகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே மூச்சில் முடியாத கேள்வியை வெட்டுங்கள். முதல் நேர்காணல் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.