பாஸ்டரோ சாமியாரோ தப்பு செய்தால்: கேள்வி பதில்

மதுரையில் இருபது வருடமாகக் குழந்தைகள், பெண்கள் வழக்குகளை எடுத்து நடத்துகிறேன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. பாஸ்டர்கள் மேலும் சாமியார்கள் (கத்தோலிக்கக் குருக்கள்) மேலும் வரும் பாலியல் புகார்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி: எங்கள் பாஸ்டர் மேல் ஒரு பெண் புகார் சொன்னார். "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்று வேதமே சொல்கிறது" என்று சபை மூப்பர்கள் அந்தப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டார்கள். நிஜமாகவே அப்படி இருக்கிறதா அக்கா?

வசனம் இருக்கிறது தம்பி. சங்கீதம் 105:15. ஆனால் மூன்று வசனம் மேலே போய் அங்கிருந்து வாசியுங்கள். கொஞ்சம் பேராக, சொந்த நிலம் இல்லாமல், ஊர் ஊராக அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றிய பாட்டு அது. அவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று முந்தின வசனத்தில் வருகிறது. எந்த ராஜாவை, எதற்காக? ஆதியாகமம் 20-ஐ எடுங்கள். அபிமெலேக்கு ராஜா ஆள் அனுப்பி, ஆபிரகாமின் மனைவி சாராளை எடுத்துக்கொள்கிறான். ராத்திரி கனவில் கடவுள் வந்து, அவளைத் தொட உன்னை நான் விடவில்லை என்கிறார். "தொடாதே" என்பது சிம்மாசனத்தில் இருந்தவனுக்குச் சொன்னது, அவனிடம் சிக்கிய பெண்ணைக் காப்பாற்றச் சொன்னது. அதே வசனத்தை வைத்து ஒரு பெண்ணின் வாயை அடைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

தாவீது ராஜாவும் அபிஷேகம் பெற்றவன்தானே? அவன் இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டபோது நாத்தான் தீர்க்கதரிசி அவனிடமே போய், முகத்துக்கு நேராக, "நீயே அந்த மனுஷன்" என்றார். மூப்பர்களிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பெண்ணிடம், போலீசுக்குப் போக சபையின் அனுமதி தேவையில்லை என்று சொல்லுங்கள்.

செல்லூர்: ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். கமிட்டியில் "முதலில் நாங்கள் விசாரிக்கிறோம், பொறு" என்கிறார்கள்.

பொறுக்காதீர்கள் டீச்சர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால் 2012 போக்சோ சட்டம்தான், அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். அதன் 19-ஆம் பிரிவுப்படி விஷயம் தெரிந்த யாரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தனக்குக் கீழே வேலை செய்கிறவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. கமிட்டிக்கு இதை எழுத்தில் கொடுங்கள். ஆனால் அவர்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது.

பிள்ளை ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. வீட்டிலோ அவள் சொல்கிற இடத்திலோ, போலீஸ் சீருடை போடாமல் வந்துதான் வாக்குமூலம் எழுத வேண்டும். கூடியவரை பெண் எஸ்.ஐ.தான் எழுத வேண்டும். அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

திருமங்கலம்: ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னாரே இயேசு. தப்பு செய்தவரும் மனுஷன்தானே?

மன்னிக்க வேண்டியவர் யார்? காயப்பட்டவர். அவருக்குப் பதிலாக நீங்களும் நானும் மன்னித்துவிட முடியாது.

ஒரு வழக்கில் புகார் கொடுத்த தாயை, நற்கருணை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது பார்த்தேன். கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறவர் போலக் குனிந்தே நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது. யாராவது ஒரு வார்த்தை பேசுவார்களா என்று நின்றிருக்கிறார். நூறு பேர் தாண்டிப் போனோம், நானும்தான். பாதி தூரம் போன பிறகுதான் உறைத்துத் திரும்பி ஓடினேன். அதே வாரம் புகாருக்கு ஆளான சாமியாருக்காக ஜெபமாலை சொல்லக் கூட்டம் கூடியது. அவருக்காக ஜெபிக்கட்டும், சிறையில் போய்ப் பார்க்கட்டும், அதுவும் இரக்கம்தான். ஆனால் முதல் இரக்கம் அந்த வாசலில் நின்றவருக்குப் போயிருக்க வேண்டும்.

மனம் திரும்பியவர் எப்படி இருப்பார் என்று வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு காட்டினான்: அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்கிறவரை நான் நம்புவேன். அப்போதும் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அவருக்கு மறுபடி பொறுப்புக் கொடுக்கக் கூடாது. வேறு பங்குக்கு (வேறு ஊர்க் கோயிலுக்கு) மாற்றல் போட்டு அனுப்புவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

அரசரடி: பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் சொல்லக் கூடாதே? அப்புறம் எப்படி?

வெளியே சொல்லக் கூடாது என்ற அந்த முத்திரை பாவசங்கீர்த்தனம் என்கிற ஒப்புரவு அருட்சாதனத்தில், பாவத்தை அறிக்கையிடும்போது கேட்டதற்கு மட்டும்தான். வேறு வழியில் தெரிந்தால், சில விலக்குகள் தவிர, குருக்களும் துறவியரும் திருச்சபை அதிகாரிக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2019-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டம் போட்டார். பாதிக்கப்பட்டவரை வாய் திறக்காதே என்று கட்டிப்போடக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. இந்த வழக்குகளுக்கு இருந்த பாப்பரசு ரகசியம் என்கிற கடுமையான திருச்சபை ரகசிய விதியை அதே வருடம் டிசம்பரில் நீக்கினார்.

மேலூர்: பொய்ப் புகாராக இருந்தால்?

அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். கெட்ட எண்ணத்தோடு பொய்யாகப் புகார் கொடுத்த பெரியவர்களுக்குப் போக்சோவிலேயே தண்டனை உண்டு, பிள்ளைகளுக்குக் கிடையாது. விசாரணை முடியும்வரை புகாருக்கு ஆளானவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். அவர் நிரபராதி என்றாலும் அது அவருக்கும் நல்லது.

வாடிப்பட்டி: எங்கள் ஊரில் பாதிக்கப்பட்ட ஒரு பிள்ளையின் அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். வக்கீல் வைக்க வழியில்லை. நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பணம் பிரிக்கலாமா?

பிரியுங்கள், ஆனால் பஸ் செலவுக்கும் வேலைக்குப் போக முடியாத நாள் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பிள்ளையின் பேரை வாட்ஸ்அப்பில் போட்டு வசூல் செய்யாதீர்கள், அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நீதிமன்றத்துக்குப் போகிற நாளில் உங்களில் ஒரு பெண் அந்த அம்மாவோடு கூடவே போய் வாருங்கள்.