தோள் பட்டையைத் தரையில் மாட்டலாமா?

கேள்வி: பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை சர்க்யூட் பந்தயத்துக்காக மாற்றி வருகிறேன். ரோல் கேஜ் (கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் எஃகுக் குழாய்க் கூடு) வெல்டிங் முடிந்துவிட்டது. ஆறு முனை ஹார்னஸின் (ஆறு இடங்களில் மாட்டும் பந்தய சீட் பெல்ட்) தோள் பட்டைகளைப் பின் சீட் பெல்ட்டுக்கான தரைத் துளைகளிலேயே மாட்டிவிடலாம், பக்கெட் சீட்டையும் பழைய ரெயிலிலேயே வைக்கலாம் என்கிறார் மெக்கானிக். ஏற்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தோள் பட்டையைப் பற்றிய யோசனையை ஏற்கவே வேண்டாம். கார் எதிலாவது மோதி நிற்கும் கணத்தில் உங்கள் உடல் முன்னே பாயும். தோளின் மேல் மடங்கித் தரைக்கு இறங்கும் பட்டையில், முன்பக்க இழுவை, பின்பக்க இழுவை இரண்டுமே தோளைக் கீழே அழுத்துவதால், அந்த விசையின் பெரும்பகுதி முதுகெலும்பை நசுக்கும் சுமையாக மாறுகிறது. தவிர, பட்டை எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக அது நீளும். தலை ஸ்டீயரிங்கை எட்டுவதற்கு அந்தச் சில அங்குலங்களே போதும். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, சீட் முதுகின் மேல் விளிம்பிலிருந்து தோள் பட்டை பின்னோக்கி இறங்கும் கோணம் கிடைமட்டத்துக்கு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. 10 டிகிரிக்குள் இருப்பதே நல்லது என்று அதே விதி பரிந்துரைக்கிறது.

எனவே கேஜில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவில், தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ, குறுக்குக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்து அதில் பட்டையைச் சுற்றுங்கள். அந்தக் குழாய் 38 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்பும், அல்லது 40 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் கொண்ட, தையலில்லாத எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். உயரத்தை இப்போதே முடிவுசெய்துவிடாதீர்கள். முதலில் சீட்டை அதன் இறுதி இடத்தில் நிறுத்தி, பந்தய உடையும் ஹெல்மெட்டும் அணிந்து அமர்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். குழாயை முதலில் வைத்துவிட்டு அதற்கேற்பச் சீட்டை ஏற்றி இறக்குவது பல பட்டறைகளில் நடக்கும் தலைகீழ் வேலை.

இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாகப் படிய வேண்டும். அது மேலேறாமலும் உடல் அதன் அடியில் வழுக்கிப் போகாமலும் தடுப்பதற்கே தொடையிடைப் பட்டைகள் இருக்கின்றன. எந்தப் பட்டையையும் சீட்டிலோ சீட்டின் தாங்கிகளிலோ மாட்டுவதற்கு விதி இடம் தரவில்லை. தரைத் தகட்டில் மாட்டும் இடங்களில், குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகு பிளேட்டை அடியில் வைப்பது கட்டாயம்.

பட்டையின் முனையை மாட்டும் பிராக்கெட், இழுவையின் திசைக்கு நேராகத் திரும்பி நிற்கிறதா என்பதையும் பாருங்கள். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் கார் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் உயிரிழந்த விபத்தில் அவருடைய இடப்பக்க இடுப்புப் பட்டை அறுந்திருந்தது. பட்டை, அதன் நீளத்தைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிக் குவிந்ததால் அறுந்தது என்று அந்தப் பந்தயத்தை நடத்திய நாஸ்கார் அமைப்பின் ஆய்வறிக்கை கூறியது. சாய்வாக இழுபடும் நல்ல பட்டையும் இப்படி அறுந்துபோகலாம் என்பதால், இதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள்.

சீட்டைப் பொறுத்தவரை, ஓட்டுநர் நீங்கள் ஒருவர்தான் என்றால் நகரும் ரெயில் தேவையில்லை. அதன் தளர்ச்சி மோதலின்போது கூடுதல் அசைவாகிறது. குறைந்தது நான்கு இடங்களில், 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட்டுகளால், 3 மி.மீ. எஃகுத் தாங்கிகளின் மேல் பொருத்தி, தரையின் அடியிலும் பிளேட் கொடுங்கள். எஃப்.ஐ.ஏ. சான்று பெற்ற சீட்டின் முதுகை, தயாரிப்பாளர் சொல்லாதவரை, கேஜோடு இணைத்துக் கட்டாதீர்கள். அது ஓரளவு வளைந்து கொடுக்கும்படியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

ஹெல்மெட் தொடக்கூடிய குழாய்களுக்கெல்லாம் பந்தயத் தரத்துக்குரிய கெட்டியான பேடிங் வேண்டும். ஹெல்மெட் அணியாத தலைக்கு அந்தக் குழாய்களே ஆபத்து என்பதால், இந்தக் காரைச் சாலையில் ஓட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள். சீட்டையோ ஹார்னஸையோ பழையதாக வாங்கியிருந்தால், லேபிளில் உள்ள தேதியைப் பாருங்கள்: எஃப்.ஐ.ஏ. ஹார்னஸுக்கும் அதே அமைப்பின் 8855-1999 என்ற தரத்திலான சீட்டுக்கும் ஆயுள் 5 ஆண்டுகள்தான். ஒருமுறை பலமாக மோதிய காரில் இருந்த பட்டையை, தேதி மீதமிருந்தாலும், மாற்றிவிடுங்கள்.